நின்றுபோன மாருதி 800-ஐ ஓட வைத்தல்: கார்புரேட்டர் வண்டிக்கான வேலைப் பதிவு

சில வருடம் ஷெட்டில் நின்ற 800 ஸ்டார்ட் ஆகவில்லை என்றதும் முதலில் கழற்றப்படுவது கார்புரேட்டர், அதாவது பெட்ரோலையும் காற்றையும் கலந்து எஞ்சினுக்கு அனுப்பும் பாகம். கடைசியாகத் தொட வேண்டியது அதுதான். டேங்கில் துரு இருக்கும்வரை எத்தனை தடவை கழுவினாலும் பத்து கிலோமீட்டருக்குள் அதன் ஜெட் (பெட்ரோல் வரும் நுண்துளை) மறுபடி அடைத்துக்கொள்ளும். எர்த் கம்பி அரித்திருந்தால் ஸ்டார்ட்டர் சுற்றும் வேகமே போதாது. எல்லாம் சரிசெய்து வண்டி ஓடத் தொடங்கிய பிறகு, டயர் மாற்ற ஜாக்கி வைக்கும்போது ரன்னிங் போர்டு (கதவுக்கு அடியில் ஓடும் தகடு) அப்பளம்போல் நொறுங்கினால் அதுவரை போட்ட காசு போச்சு. அதனால் இங்கே வேலை நடந்த வரிசை: துரு, மின்சாரம், எஞ்சின், டேங்க், பெட்ரோல் பாதை, அதற்கப்புறம் கார்புரேட்டர்.

வண்டி 1998 மாடல், நாலு கியர், கையால் இழுக்கும் சோக் (குளிர்ந்த எஞ்சினுக்குப் பெட்ரோல் பங்கைக் கூட்டுவது). நாகப்பட்டினம் பக்கம் கீற்றுக் கொட்டகையில் மூன்று மழைக்காலம் நின்றது.

எந்த 800 என்பது முதல் கேள்வி

சாமான் வாங்கப் போகும்முன் வண்டி எந்தக் காலத்தது என்று தெரிந்திருக்க வேண்டும். எல்லாவற்றுக்கும் பெயர் 800 என்பதால் கடையில் குழப்பம் நிறைய.

மாருதி உத்யோக் 1981-இல் அரசு நிறுவனமாகத் தொடங்கியது. ஆரம்ப வருடங்களில் அதை நடத்தியவர் பெல் (பாரத் ஹெவி எலக்ட்ரிக்கல்ஸ்) நிறுவனத்திலிருந்து வந்த வி. கிருஷ்ணமூர்த்தி, தமிழ்நாட்டுக் கருவேலிக்காரர். 1982 அக்டோபரில் சுசுகியோடு ஒப்பந்தம். 1983 டிசம்பர் 14 அன்று முதல் வண்டியின் சாவியை இந்திரா காந்தி கொடுத்தார். அந்த முதல் வண்டி எஸ்எஸ்80 என்ற வகை: கோணல் இல்லாத பெட்டி வடிவம், பின்னால் பட்டைச் சுருள் (லீஃப் ஸ்பிரிங்). 1986-இல் வந்த எஸ்பி308 வேறு உடம்பு, பின்னால் காயில் ஸ்பிரிங். இன்று தெருவில் தெரியும் 800 எல்லாமே இந்த இரண்டாவது உடம்புதான். எஸ்எஸ்80-க்குக் கதவு, கண்ணாடி, சஸ்பென்ஷன் எதுவும் இதிலிருந்து பொருந்தாது. அதை வைத்திருப்பவர்களுக்குத் தனிப் பாடு.

உள்ளே இருக்கும் எஞ்சினின் குடும்பம் மாறவில்லை: எஃப்8பி, 796 சிசி, மூன்று சிலிண்டர், 68.5 மி.மீ. போர், 72 மி.மீ. ஸ்ட்ரோக், இரும்பு பிளாக், அலுமினிய ஹெட், ஆறு வால்வு. ஆம்னி வேனிலும் இதே எஞ்சின் என்பதால் எஞ்சின் உள்சாமான்களுக்கு இன்றும் பஞ்சமில்லை. ஆனால் ஆம்னியின் கியர்பாக்ஸ் பின்சக்கர இழுவைக்கானது, அதை நினைக்கவே வேண்டாம். 2000 வாக்கில் எம்பிஎஃப்ஐ (கணினி கட்டுப்பாட்டில் பெட்ரோலைப் பீய்ச்சும் முறை) வந்தது. அந்த வண்டியில் கார்புரேட்டர் கிடையாது, பெட்ரோல் பம்ப் டேங்குக்குள் இருக்கும், இந்தப் பதிவில் பாதி அதற்குப் பொருந்தாது. டேஷ்போர்டில் சோக் நாப் இருக்கிறதா என்று பார்த்தாலே விஷயம் தெரிந்துவிடும்.

2010 ஏப்ரலில் சென்னை உட்பட 13 நகரங்களில் பிஎஸ்4 என்ற புகை விதி கட்டாயமானபோது அங்கெல்லாம் 800 விற்பனை நின்றது. மற்ற ஊர்களில் தொடர்ந்து, 2014 ஜனவரியில் உற்பத்தியே முடிந்தது. கடைசி வண்டிக்கே பத்து வயதுக்கு மேல் ஆகிவிட்டது. 15 வருடம் தாண்டிய வண்டிக்கு ஆர்.சி. புதுப்பிப்பும் பசுமை வரியும் உண்டு. அது முடிந்த வண்டியா, முடிய வேண்டியதா என்பதை ஸ்பேனர் எடுக்கும்முன்பே பாருங்கள்.

துரு

ஓட்டுநர் பக்கத் தரைவிரிப்பைத் தூக்கி, ஒரு சாதாரண ஸ்க்ரூடிரைவரால் தரையை அழுத்திக்கொண்டே போக வேண்டும். தகடு நல்லதாக இருந்தால் 'டங்' என்று சத்தம் வரும். அரித்த இடத்தில் சத்தம் மங்கி, முனை உள்ளே போகும். பார்க்க வேண்டிய இடங்கள்: கால் வைக்கும் குழி, ரன்னிங் போர்டின் பின்முனை (பின்சக்கர வளைவைத் தொடும் இடம்), பேட்டரித் தட்டின் அடி, முன் ஸ்ட்ரட் (முன்சக்கர ஸ்பிரிங்கும் ஷாக் அப்சார்பரும் சேர்ந்தது) மேலே பொருந்தும் கோபுரம். முதல் மூன்றில் ஓட்டை என்றால் டிங்கரிங் வேலை, அவ்வளவுதான். ஸ்ட்ரட் கோபுரத்தில் விரிசல் என்றால் அந்த வண்டிக்குக் காசு போடாதீர்கள்.

இந்த வண்டியில் ஓட்டுநர் கால்குழியில் உள்ளங்கை அளவு, இடது ரன்னிங் போர்டின் பின்முனையில் ஒரு சாண். அரித்த தகட்டின் மேலேயே புதுத் தகட்டை ஒட்டுவது பல பட்டறைகளில் வழக்கம். இரண்டு தகட்டுக்கும் நடுவில் தண்ணீர் தங்கி, இரண்டே மழைக்காலத்தில் இரண்டும் சேர்ந்து போகும். நல்ல இரும்பு வரும்வரை வெட்டி எடுத்துவிட்டு, 20 கேஜ் (சுமார் 0.9 மி.மீ.) தகட்டை மிக் வெல்டிங்கில் புள்ளி புள்ளியாக வைத்து இணைப்பதே சரி. கேஸ் வெல்டிங் என்றால் சூட்டில் தகடு அலை அலையாக நெளியும். பின்தரைப் பக்கம் வெல்டிங் வைப்பதாக இருந்தால் டேங்கை இறக்கிய பிறகுதான்; பேட்டரிக் கம்பியையும் கழற்றிவிட வேண்டும். ஜிங்க் பிரைமர், மேலே அண்டர்பாடி கோட்டிங், ரன்னிங் போர்டுக்குள் மெழுகு ஸ்பிரே. போர்டின் அடியில் நீர் வடியும் சிறு துளைகள் உண்டு, கோட்டிங் அடிக்கும்போது அவை அடைபடும். காய்ந்ததும் கம்பியால் குத்தித் திறந்துவிடுங்கள். தரையில் தண்ணீர் தேங்கியதற்கான மூலத்தையும் பிடிக்க வேண்டும்: பெரும்பாலும் முன்கண்ணாடி ரப்பர் வெடித்திருக்கும்.

மின்சாரமும் எஞ்சினும்

முழுதாகச் சார்ஜ் ஏறிய பேட்டரி நின்ற நிலையில் 12.6 வோல்ட் காட்டும். ஸ்டார்ட்டர் சுற்றும்போது 9.6-க்குக் கீழே இறங்கினால் பேட்டரி போச்சு. இறங்காமல் இருந்தும் ஸ்டார்ட்டர் மெதுவாகச் சுற்றினால் மல்டிமீட்டரின் ஒரு முனையைப் பேட்டரியின் நெகட்டிவ் கம்பத்திலும் மறுமுனையை எஞ்சின் பிளாக்கிலும் வைத்துச் சுற்றிப் பாருங்கள். 0.3 வோல்ட்டுக்கு மேல் காட்டினால் எர்த் பாதையில் கோளாறு. இங்கே 1.4 காட்டியது. கியர்பாக்ஸிலிருந்து உடம்புக்குப் போகும் பின்னல் கம்பி பச்சை பூத்து, பாதி இழை அறுந்திருந்தது. புதுக் கம்பி போட்டு, முனை படும் இடத்தில் பெயின்டைச் சுரண்டி, மேலே கொஞ்சம் பெட்ரோலியம் ஜெல்லி. மீட்டர் 0.1-க்கு வந்தது. ஸ்டார்ட்டர் ரீகண்டிஷன் என்று சொல்லி வாங்கப்படும் காசில் பாதி இந்தக் கம்பிக்காகத்தான் போகிறது.

எஞ்சினை எடுத்தவுடன் சாவி போட்டுச் சுற்றக் கூடாது. மூன்று பிளக்கையும் கழற்றி, ஒவ்வொரு துளையிலும் ஒரு டீஸ்பூன் எஞ்சின் ஆயில் விட்டு ஓர் இரவு வைக்க வேண்டும். மறுநாள் நாலாவது கியரில் போட்டு வண்டியை முன்னும் பின்னும் மெல்ல அசைத்தால் பிஸ்டன் நகர்கிறதா என்று கைக்கே தெரியும். நகர்ந்தபின் பழைய ஆயிலை வடித்து, ஃபில்டரும் மாற்றி, புது ஆயில் (மூன்று லிட்டர் டப்பா ஒன்று போதும், டிப்ஸ்டிக் பார்த்து நிறுத்துங்கள்). பிளக் இல்லாமலே ஆயில் விளக்கு அணையும்வரை ஸ்டார்ட்டரில் சுற்றுங்கள். அப்படியே ஆக்ஸிலேட்டரை முழுக்க அழுத்திக் கம்ப்ரஷன் (சிலிண்டருக்குள் அமுங்கும் காற்றின் அழுத்தம்) அளந்தால்: 168, 165, 162 பிஎஸ்ஐ. 150-க்கு மேல், மூன்றுக்கும் நடுவில் வித்தியாசம் 14-க்குள் என்றால் எஞ்சினைத் திறக்க வேண்டாம். பக்கத்துப் பக்கத்து இரண்டு சிலிண்டர் மட்டும் குறைந்தால் ஹெட் பேக்கிங் போயிருக்கும். இந்த அலுமினிய ஹெட் சூட்டைத் தாங்காது. ஒரு தடவை தண்ணீர் இல்லாமல் ஓடியிருந்தாலும் வளைந்திருக்கும். அதனால் ரேடியேட்டர் விசிறிக்குப் பேட்டரியிலிருந்து நேரடியாகக் கரண்ட் கொடுத்துச் சுற்றுகிறதா என்று இந்தக் கட்டத்திலேயே பார்த்துவிடுவது நல்லது.

வால்வ் இடைவெளி எஞ்சின் குளிர்ந்திருக்கும்போது 0.15 மி.மீ. சிபி பாயின்ட் (தீப்பொறிக்காகக் கரண்டை வெட்டி விடும் தொடுமுனை) உள்ள வண்டியில் பாயின்ட் இடைவெளி 0.4 முதல் 0.5 மி.மீ., பிளக் 0.7 முதல் 0.8. பாயின்ட் இடைவெளியை மாற்றினால் டைமிங்கும் (தீப்பொறி விழும் நேரம்) மாறும். எனவே முதலில் பாயின்ட், அப்புறம்தான் டைமிங். பிளக் வயர் வரிசை 1-3-2. டைமிங் பெல்ட் எப்போது மாற்றியது என்று தெரியாவிட்டால் மாற்றிவிடுங்கள், பேச்சே வேண்டாம்.

டேங்க்

டேங்கைத் தொடும்முன் எஞ்சின் ஓடுமா என்பதை அறிய ஒரு குறுக்குவழி உண்டு. பம்பின் உள்வாய்க் குழாயைக் கழற்றி, இரண்டு லிட்டர் கேனில் புதுப் பெட்ரோல் ஊற்றி, அதிலிருந்து ஒரு குழாய் விடுங்கள். எஞ்சின் இதில் ஓடினால் மிச்சமுள்ள தொல்லையெல்லாம் பின்னால் இருக்கிறது என்று பொருள். இந்த வண்டி சோக் இழுத்தால் ஓடியது, விட்டால் நின்றது. ஆக, இரண்டு பக்கமும் வேலை.

டேங்கை வடித்தபோது வந்தது தேன்நிறத் தண்ணீர். மூன்று நாள் பாட்டிலில் வைத்துப் பார்த்தால் மேலே பெட்ரோல், அடியில் தெளிந்த ஓர் அடுக்கு, அதற்கும் அடியில் துருப்பொடி. இப்போதைய பெட்ரோலில் 20 சதவீதம் எத்தனால். எத்தனால் காற்றின் ஈரத்தை இழுத்துக்கொள்ளும். ஓர் அளவைத் தாண்டியதும் தண்ணீரும் எத்தனாலும் சேர்ந்து பிரிந்து அடியில் இறங்கும். டேங்கின் அடித்தகடு அரிப்பது அங்கேதான். உப்புக்காற்று ஊரில் பாதி டேங்க் பெட்ரோலோடு நிறுத்தி வைப்பதைவிட ஒன்று முழுக்க நிரப்பலாம், இல்லை முழுக்க வடித்துவிடலாம்.

கழுவியது இப்படி. அளவுகாட்டும் மிதவை யூனிட்டைக் கழற்றித் தனியே வைத்தாயிற்று. சோப்புத் தண்ணீரில் இரண்டு முறை அலசல். பிறகு சிட்ரிக் ஆசிட், மளிகைக் கடையில் எலுமிச்சை உப்பு என்று கிடைப்பதேதான், லிட்டருக்கு 50 கிராம். 28 லிட்டர் டேங்குக்கு 1.4 கிலோ. வெந்நீரில் கரைத்து நிரப்பி 24 மணி நேரம். வடித்ததும் ஒரு வாளித் தண்ணீரில் 100 கிராம் சமையல் சோடா போட்டு அலசி, நல்ல தண்ணீரில் அலசி, கம்ப்ரஸர் காற்றில் உலர்த்தி, உடனே 200 மில்லி டூ-டி ஆயிலை (டூ-ஸ்ட்ரோக் வண்டி ஆயில்) உள்ளே ஊற்றிச் சுழற்ற வேண்டும். இந்தக் கடைசி வேலையை நாளைக்கு என்று தள்ளினால் காலையில் உள்ளே மஞ்சள் பூத்திருக்கும். ஒழுகும் டேங்கை வெல்டிங் பட்டறைக்கு எடுத்துப் போகாதீர்கள். காலியான டேங்க் நிறைந்த டேங்கைவிட ஆபத்து, உள்ளே இருக்கும் ஆவி வெடிக்கும்.

பெட்ரோல் பாதை

டேங்கிலிருந்து முன்னால் வரும் இரும்புக் குழாயில் காற்றை ஊதி, மறுமுனையில் வெள்ளைத் துணி பிடித்தால் வருவது தெரியும். ரப்பர்க் குழாய் எல்லாமே மாற்றம். கடையில் 'பெட்ரோல் ஹோஸ்' என்று மட்டும் கேட்டால் எத்தனால் தாங்காததும் கிடைக்கும். மேலே எஸ்ஏஇ ஜே30 ஆர்9 என்று அச்சிட்டிருக்கிறதா என்று பாருங்கள். உள்விட்டத்துக்குப் பழைய துண்டையே வெட்டிக் கொண்டு போங்கள். இங்கே கழற்றிய பழைய குழாயை விரலில் வளைத்தபோது உட்சுவர் கறுப்புப் பொடியாக உதிர்ந்தது. அந்தப் பொடி போய்ச் சேரும் இடம் ஜெட்தான்.

பம்ப் எஞ்சினே இயக்கும் டயாபிராம் வகை. சோதனை எளிது: இக்னிஷன் காயில் வயரைக் கழற்றிவிட்டு, வெளிவாய்க் குழாயை ஒரு பாட்டிலுக்குள் விட்டு ஸ்டார்ட்டரைச் சுற்றினால் துடிப்புத் துடிப்பாகப் பெட்ரோல் பாய வேண்டும். டயாபிராம் கிழிந்தால் பெட்ரோல் எஞ்சின் ஆயிலில் கலக்கும். டிப்ஸ்டிக்கில் ஆயில் ஏறியிருந்து பெட்ரோல் வாடை அடித்தால் அந்த ஆயிலோடு ஒரு கிலோமீட்டர்கூட ஓட்ட வேண்டாம், பேரிங் போய்விடும். எல்பிஜி கிட் போட்டு வருடக்கணக்கில் பெட்ரோலைத் தொடாத வண்டிகளில் இந்த டயாபிராம் காய்ந்து விறைத்திருக்கும்.

அசல் பம்ப் கிடைக்காதபோது மின்சாரப் பம்ப் வைக்கிறார்கள். வைக்கலாம், ஆனால் கார்புரேட்டர் வண்டிக்கான 3-4 பிஎஸ்ஐ பம்பாக இருக்க வேண்டும். எம்பிஎஃப்ஐ பம்பின் அழுத்தம் 35 பிஎஸ்ஐக்கு மேல். கார்புரேட்டருக்குள் பெட்ரோல் வரத்தை அடைக்கும் நீடில் வால்வ் அதைத் தாங்காது. பெட்ரோல் பொங்கிச் சூடான மேனிஃபோல்டில் விழும்.

கார்புரேட்டர்

மறைமலை நகர் யூக்கால் ஆலை ஜப்பானின் மிக்குனியோடு சேர்ந்து செய்தது இது. இரட்டைத் தொண்டை: சாதாரண ஓட்டத்துக்கு ஒன்று, கால் நன்றாக அழுந்தும்போது வெற்றிட டயாபிராம் திறக்கும் இன்னொன்று.

ஏர் கிளீனரைக் கழற்றியதும் போனில் நாலு பக்கமும் படம். மெல்லிய வெற்றிடக் குழாய் ஒவ்வொன்றுக்கும் மாஸ்கிங் டேப்பில் எண். ஒன்று இடம் மாறினாலும் பிக்கப் போய்விடும், அப்புறம் கார்புரேட்டரைத் திட்டிக்கொண்டிருக்க வேண்டியதுதான். கழற்றும்முன் இன்னொரு சோதனை: சாவியை ஆன் செய்தால் கார்புரேட்டர் பக்கத்தில் சோலனாய்டு (கரண்டில் திறக்கும் சிறு வால்வ்) 'டிக்' என்று சொல்ல வேண்டும். சொல்லாவிட்டால் ஐடிலிங்குக்கான (ஆக்ஸிலேட்டர் அழுத்தாமல் எஞ்சின் ஓடுவது) பெட்ரோல் வழியே திறக்காது. சோக் விட்டதும் எஞ்சின் நிற்பதற்குப் பல வண்டிகளில் காரணம் இந்த ஒற்றை வயர்தான். இங்கே டிக் கேட்டது. எனவே அடைப்பு உள்ளே.

மேல்மூடியைத் திறந்தால் மிதவை அறையின் அடியில் சுண்ணாம்புபோல வெள்ளைப் படிவு. தண்ணீரும் எத்தனாலும் அலுமினியத்தை அரித்த மிச்சம். ரப்பர், டயாபிராம், பிளாஸ்டிக் அத்தனையும் கழற்றிய பிறகே கிளீனர் ஸ்பிரே. படிவு இளகப் பத்து நிமிடம் விட்டு, காற்றை எப்போதும் பெட்ரோல் போகும் திசைக்கு எதிராக ஊத வேண்டும். ஜெட்டில் கம்பி விடாதீர்கள். பித்தளை மென்மையானது, ஒரு கீறலில் துளை பெரிதாகி மைலேஜ் போய்விடும். ஊதியும் திறக்காத ஸ்லோ ஜெட்டுக்குத் துணி பிரஷ்ஷின் ஒற்றை நைலான் இழை போதும். வெளிச்சத்துக்கு எதிரே பிடித்தால் துளை முழு வட்டமாகத் தெரிய வேண்டும், பிறை வடிவில் தெரிந்தால் இன்னும் அழுக்கு.

இரண்டாம் தொண்டையின் டயாபிராமை வாயால் உறிஞ்சி, நாக்கால் அடைத்துப் பிடித்தால் லிவர் அப்படியே நிற்க வேண்டும். மெல்லத் திரும்பினால் ஓட்டை. ஆக்ஸிலேட்டர் பம்ப் டயாபிராம் கையில் எடுத்ததும் காகிதம்போல் மடங்கியது. ரிப்பேர் கிட்டிலிருந்து புதிது. நீடிலின் நுனியில் வளையமாகத் தேய்மானம் இருந்தால் நீடிலும் சீட்டும் ஜோடியாக மாற வேண்டும். அடிப்பரப்பில் ஸ்டீல் ஸ்கேலை வைத்து 0.1 மி.மீ. ஃபீலர் (இடைவெளி அளக்கும் மெல்லிய தகடு) நுழைகிறதா என்று பார்த்தால், நடுவில் நுழைந்தது: யாரோ நட்டை முறுக்கு முறுக்கென்று முறுக்கியதன் விளைவு. கண்ணாடித் தகட்டின் மேல் 400 எண் எமரித் தாளை வைத்து எட்டு வடிவில் தேய்த்துச் சமப்படுத்தியாயிற்று. அடியில் இருக்கும் தடித்த சூடுதடுப்புத் துண்டில் விரிசல் இருக்கக் கூடாது. இருந்தால் காற்று இழுத்து ஐடிலிங் ஏறி இறங்கும், கடை கடையாக அலைய வைக்கும்.

மாட்டி ஓட்டிச் சூடேறியபின் டியூனிங். சோக் முழுக்கத் திறந்து, விளக்கு, ஏசி எல்லாம் அணைத்து, ரேடியேட்டர் விசிறி நின்றிருக்கும் நேரமாகப் பார்க்க வேண்டும். கலவை ஸ்க்ரூவை மெல்ல அடிவரை உட்கார வைத்து (இறுக்கினால் நுனி போய்விடும்) இரண்டரைச் சுற்று வெளியே. ஐடில் ஸ்க்ரூவில் 900 ஆர்பிஎம். பிறகு கலவை ஸ்க்ரூவைக் கால் சுற்றுக் கால் சுற்றாக இரு பக்கமும் திருப்பி எஞ்சின் வேகம் உச்சம் தொடும் இடத்தைப் பிடித்து, ஏறியதை ஐடில் ஸ்க்ரூவில் குறைத்து, மறுபடி கலவை. மூன்று சுற்றில் நிலைக்கும். மூன்று சிலிண்டருக்கு ஒரு நடுக்கம் இயல்பிலேயே உண்டு. நாலு சிலிண்டர் மாதிரி ஓட வேண்டும் என்று ஐடிலிங்கை ஏற்றிக்கொண்டே போகிறவர்கள் பெட்ரோலைத்தான் எரிக்கிறார்கள்.

இ20 (20 சதவீத எத்தனால் கலந்த) பெட்ரோலுக்கு ஒரு குறிப்பு. எத்தனாலில் ஆக்ஸிஜன் இருப்பதால் சரியான கலவைக்குச் சுமார் 8 சதவீதம் கூடுதல் பெட்ரோல் வேண்டும். எம்பிஎஃப்ஐயில் சென்சார் பார்த்துக்கொள்ளும், கார்புரேட்டருக்கு அந்த அறிவு கிடையாது. ஏற்றத்தில் 'டிக்டிக்' என்று தட்டுவதும், ஆக்ஸிலேட்டர் தொட்டதும் தயங்குவதும், பிளக் நுனி வெள்ளையாக இருப்பதும் கலவை இளைத்ததற்கு அடையாளம். மெயின் ஜெட்டின் விட்டத்தில் 4 சதவீதம் கூடினால் பரப்பில் 8 வந்துவிடும். எனவே ஓர் அளவு பெரிய ஜெட் போதும், டிரில் வேண்டாம்.

இங்கே ஜெட்டை மாற்றவில்லை. கலவை ஸ்க்ரூ மூன்றேகால் சுற்றில் நின்றது, பிளக் காப்பிப்பொடி நிறம். அறுபது கிலோமீட்டர் வேகத்துக்கு மேல் இழுக்காத வண்டியாக இருந்தால் ஜெட்டைச் சந்தேகிக்கும்முன் இரண்டாம் டயாபிராமையும் ஃபில்டரையும் பாருங்கள். கறுப்புப் புகை என்றால் மிதவை அல்லது நீடில்.

பிரேக், டயர்

பின் டிரம் துருவேறிப் பிடித்திருந்தால் சுத்தியல் வேண்டாம். டிரம் முகத்தில் மரையிட்ட இரண்டு துளை இருக்கும், 8 மி.மீ. போல்ட் இரண்டையும் மாறி மாறி அரைச் சுற்று ஏற்றினால் டிரம் தானே வெளியே வரும். வீல் சிலிண்டரின் ரப்பர் மூடியைத் தூக்கினால் உள்ளே ஈரம் இருக்கக் கூடாது. இங்கே இரண்டிலும் இருந்தது, இரண்டும் புதிது. பிரேக் ஆயில் முழுக்க மாற்றம்.

டயர் 145/70 ஆர்12. பட்டன் ஆழம் நன்றாக இருந்தாலும் பக்கச்சுவரில் நாலு இலக்கத் தேதியைப் பாருங்கள்: முதல் இரண்டு வாரம், அடுத்த இரண்டு வருடம். ஏழெட்டு வருடம் தாண்டியிருந்தால் கழற்றிவிட வேண்டியதுதான்.

முதல் 50 கிலோமீட்டரில் பெட்ரோல் ஃபில்டர் பழுப்பானது, மாற்றியாயிற்று. அடுத்தது 200-இல் லேசாக, அதற்குப் பிறகு தெளிவு. 500-இல் ஆயில் மறுபடி மாற்றம், கார்புரேட்டர் அடி நட்டுகள் இறுக்கிப் பார்த்தல், எர்த் பாதையில் மீட்டர் வைத்தல். மீட்டர் இன்னும் 0.1.